படலையில் செருகிய அழைப்பு

குகதாசன் வீட்டுப் படலைக்கு வெளியே ஜெயந்தன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். சோளகக் காற்று வாய்க்கால் கரைப் புழுதியை வாரி அவனுடைய புதுச் சேட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. சைக்கிளில் கொழுவிய பைக்குள் தங்கச்சி யதுர்ஷிகாவின் கலியாண அழைப்பிதழ்கள் இருந்தன.

அவன் செய்ய வேண்டியிருந்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. படலையைத் தட்டி, "வீட்டில ஆரும் நிக்கிறியளோ?" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். உள்ளே போய் இருக்க வேண்டும். தருகிற தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "வாற புதன்கிழமை தங்கச்சிக்குக் கலியாணம், வீட்டோட வந்து நிண்டு நடத்தித் தரவேணும்" என்று சொல்ல வேண்டும். மூன்றாம் வாய்க்கால் என்ற அந்த ஊரில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் செய்துவிட்டு வருகிற காரியம். ஜெயந்தனுக்கு முப்பத்தாறு வயது.

வழி முழுக்க அந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லித்தான் வந்தான். மதகடி வரை அது நன்றாகவே ஓடியது. படலையைக் கண்டதும் 'தங்கச்சிக்கு' என்ற இடத்தில் அறுந்து போனது. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அவன் போனால் அந்தச் சிரிப்பு நிற்கும். இருக்கிற கண் எல்லாம் திரும்பும். குகதாசன், "உன்ர கலியாணம் எப்பயடா?" என்று கேட்பார். அவருடைய மனைவி அவன் முன்னந்தலையைப் பார்த்து, முடி கொட்டுண்டு போச்சு என்பா. அதற்குச் சிரிப்பதா, சிரித்தால் எவ்வளவு நேரம் சிரிப்பது, அந்த நேரத்தில் கையை எங்கே வைத்துக்கொள்வது? உள்ளங்கை வியர்த்துச் சைக்கிள் கைப்பிடி வழுக்கியது. உள்ளே நாய் ஒரு தரம் குரைத்தது. அவனுக்கு அது போதும். ஓர் அழைப்பிதழை உருவிப் படலைக் கம்பிக்குள் செருகிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினான்.

அடுத்த வீட்டிலும் அப்படித்தான். அதற்கடுத்த வீட்டில் அவன் காலைக்கூட நிலத்தில் ஊன்றவில்லை.

ஜெயந்தனை ஊரில் யாரும் கூடாதவன் என்று சொல்லமாட்டார்கள். வோட்டர் பம் திருத்துவதில் அவனை விட்டால் புதுக்குடியிருப்புக்குத்தான் போகவேண்டும். வீட்டுக்குப் பின்னால் தகரம் அடித்த கொட்டில்தான் அவனுடைய உலகம். பம் கொண்டுவருகிறவர்கள் முற்றத்தில் தாய் நேசமலரிடம் நோயைச் சொல்லிவிட்டுப் போவார்கள். நேசமலர் உள்ளே வந்து மகனிடம் சொல்லுவாள். அவன் திருத்துவான். பம்மோடு கதைப்பான், பம்மின் சொந்தக்காரனோடு கதைக்கமாட்டான் என்று ஊரில் பகிடி விடுவார்கள். இது சண்டைக்குப் பிறகு முகாமில் இருந்து வந்த நாளில் தொடங்கியது என்று சிலர் சொன்னார்கள். அது பொய். நாலு வயதிலேயே வீட்டுக்கு ஆள் வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுக்கிற பிள்ளை அவன்.

ஆனால் கொட்டிலுக்குள் அவன் கவிதை எழுதினான். மத்தியான வெயிலில், எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு, கைபேசியில் வேறொரு பெயரில் போடுவான். கனடாவிலும் லண்டனிலும் கொழும்பிலும் இருந்து ஆட்கள் வாசித்தார்கள். அந்தக் கவிதைகளில் ஒரு 'நான்' எப்போதும் யாருடைய கதவுக்கு முன்னாலாவது நின்றுகொண்டிருந்தது. அதில் ஒன்று இப்படிப் போகும்:

என் பெயரை நானே கூப்பிட்டுப் பார்த்தேன்.
உள்ளே யாரோ இருமினார்கள்.
கதவு திறக்கவில்லை.

எழுதுகிறவன் இவன்தான் என்று தெரிந்த ஒரே ஆள் யதுர்ஷிகா. அவள் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

அன்று மத்தியானம் வெறும் பையோடு வந்த மகனை நேசமலர் குசினி வாசலிலேயே மறித்தாள். எல்லா வீட்டுக்கும் சொன்னாயா, யார் யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். ஜெயந்தன் சொன்னான். குகதாசண்ணை முதல் நாளே வந்து பந்தல் வேலைக்கு நிற்கிறேன் என்றாராம். சங்கக்கடையடி ஆச்சி சந்தோசத்தில் அழுதாவாம். மதகடியார் வீட்டில் தேத்தண்ணியோடு கச்சான் உருண்டையும் தந்தார்களாம். கவிதை எழுதுகிறவனுக்கு இந்த மாதிரிக் கற்பனைக்குப் பஞ்சமா? நேசமலருக்கு வயிறு குளிர்ந்தது. பிள்ளை கடைசியில் ஊரோடு சேர்ந்துவிட்டான் என்று கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு ஜெயந்தனை உள்ளுக்குள் அறுத்தது. அவன் வெறும் பையைக் கொழுவிவிட்டுக் கொட்டிலுக்குள் போய்விட்டான்.

தாயே போயிருக்கலாம்தானே என்று கேட்கக் கூடாது. தாலி இழந்தவள் நல்ல காரியம் சொல்லப் படலை ஏறமாட்டாள். அது சரியா பிழையா என்று நேசமலர் ஒருநாளும் யோசித்ததில்லை. நாள் வைத்த பெண் வெளியே திரியக்கூடாது. மிஞ்சியிருந்த ஆண்பிள்ளை இவன் ஒருவன். அந்த ஊரில் கலியாணத்துக்கு வாயால் சொல்லவேண்டும், அதையும் வீடேறிச் சொல்லவேண்டும். கார்ட் என்பது அதற்கு ஒரு துணை. வாயில்லாமல் வந்த கார்ட்டைப் பார்த்து யாரும் புறப்பட மாட்டார்கள். படலையில் கார்ட்டைச் செருகுவது, 'தந்தாச்சு, ஆனால் வந்துவிடாதே' என்பதற்குச் சமம். இது ஜெயந்தனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் செருகினான்.

இந்தக் கலியாணத்தில் இன்னொன்றும் இருந்தது. மாப்பிள்ளை சுதாகரன் நெல் வெட்டு மெசின் ஓட்டுகிறவன். தகப்பன் ஆண்டியப்பன், எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு சிறு பிள்ளையாக மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து தர்மபுரத்தில் வளர்ந்தவர். மூன்றாம் வாய்க்கால்காரர் யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்தவர்கள். சிறுபோக வெட்டுக்கு மெசின் பிந்தினால், "தம்பி சுதா, முதல் என்ர துண்டை வெட்டிவிடு ராசா" என்று சுதாகரனுக்கு வரம்பிலேயே சோறு கொடுப்பார்கள். அதே சுதாகரன் நேசமலர் வீட்டுக்கு மருமகனாக வருகிறான் என்றதும் ஊர் வாய் கோணியது. நேரே ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் ஆபத்து.

ஊர்ப் பெண்கள் கூடிச் செய்கிற பலகாரச் சூட்டுக்கு வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்திருந்தார்கள். முற்றத்தில் கல் வைத்து, பெரிய தாச்சி ஏற்றி, எண்ணெயும் காய்ந்துவிட்டது. பயத்தம் மா, அரிசிமா, சர்க்கரைப் பாகு என்று சுளகுகளும் பானைகளும் வரிசையாக இருந்தன. பாய்களும் விரித்தாயிற்று. பாயில் இருக்கத்தான் ஆள் இல்லை. பக்கத்து வீட்டுச் சாரங்கா மட்டும் வேலியில் விட்ட பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்து, எண்ணெய் புகைய விடக்கூடாது என்று முதல் பணியாரத்தைப் போட்டாள். அதையாவது போட ஒரு தாலிக்காரி கிடைத்தாளே.

வெயில் முற்றத்துக்கு இறங்கிய பிறகும் படலைப் பக்கம் ஒரு நிழல் தட்டவில்லை. நேசமலர் வாசலுக்கும் தாச்சிக்கும் நடந்துகொண்டிருந்தாள். வெட்டுக் காலம், சனம் வயலில் நிற்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னாள். சாரங்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அகப்பையைத் தாச்சியில் சாய்த்து வைத்தாள்.

"மாமி, நான் சொல்லுறன் எண்டு குறை நினையாதேங்கோ. கார்ட் எல்லாம் படலையில செருகிக் கிடந்ததாம். ஒரு வீட்டுக்கும் ஆரும் ஏறிச் சொல்லேல்லையாம். மலைநாட்டுச் சம்பந்தம் எண்டபடியா எங்களை ஒதுக்கிப்போட்டுச் செய்யினமாக்கும் எண்டு கதைக்குதுகள்."

வெறும் வாயை மென்ற ஊருக்கு ஜெயந்தன் ஒரு சாக்கு அவலைக் கொண்டுபோய்ச் செருகிவிட்டு வந்திருக்கிறான்.

நேசமலர் பாயில் இருந்துவிட்டாள். கொட்டிலுக்குள் ஒரு பம்மைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்ற ஜெயந்தனுக்கு எல்லாம் கேட்டது. தகரத்துக்கு அந்தப் பக்கம் கால்சத்தம் வந்தது. தாய்தான் வருகிறாள் என்று நினைத்தான். வந்தவள் யதுர்ஷிகா. கையெல்லாம் மா. அவள் கத்தவில்லை, அழவுமில்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணா, உன்ர கவிதையில வாறவன் உலகம் முழுக்கக் கதைக்கிறான். அவனுக்குப் பயமெண்டு அழகாச் சொல்லுறான், எல்லாரும் ஐயோ எண்டினம். என்ர கலியாணத்துக்கு நீ ஒரு வீட்டில கதைக்கேலாமப் போச்சோ?"

அவன் கையிலிருந்த, நட்டுக் கழற்றும் சாவியைத் திருகிக்கொண்டே நின்றான். எனக்கு மூச்சு நிற்கிறது, கால் வழங்கவில்லை என்று சொல்ல நினைத்தான். அவை எல்லாம் ஏற்கெனவே கவிதையில் எழுதிப் பாராட்டு வாங்கிய வசனங்கள். அவளுக்கு முன்னால் அவற்றைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"அவன் கதவடியில நிக்கிறது அவன்ர பாடு," என்றாள் யதுர்ஷிகா. "நீ கதவடியில நிண்டா, உள்ளுக்குப் பூட்டுப்படுறது நான்."

அவள் போய்விட்டாள்.

பின்னேரம் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து முற்றத்தில் நின்றது. ஆண்டியப்பன் தனியாக வந்திருந்தார். வேட்டியும் வெள்ளைச் சேட்டும், நெற்றியில் காலையில் பூசிய திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது. மகன் வயலில் நின்றபோது யாரோ சிரித்துக்கொண்டு, 'உன்ர கலியாணத்துக்கு வெறும் கதிரைதான் மாப்பிள்ளைத் தோழன்' என்றார்களாம். அவன் மெசினை நடுவயலில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டானாம். நேசமலர் கதிரையை இழுத்துப் போட்டாள். அவர் இருக்கவில்லை. விரித்த பாய்களையும், கால்வாசிகூட நிரம்பாத பலகாரக் கடகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அம்மா, ஒளிக்காம சொல்லுங்க. எங்க ஆளுங்களோட சம்பந்தம் வேணாம்னு ஊர் சொல்லிருச்சா? சொல்லியிருந்தா அது ஒங்க குத்தம் இல்ல. ஆனா நான் ரெண்டு பஸ் சனத்தைக் கூட்டிக்கிட்டு வந்து வெறும் கதிரைக்கு முன்னால நிக்க மாட்டேன். எங்கப்பாவை ஒருதரம் அப்படி நிக்க வச்சிருக்காங்க. நான் பார்த்திருக்கேன். அப்படித்தான்னா, இங்கேயே நிப்பாட்டிக்குவோம்."

மகன்தான் செய்தான் என்று நேசமலர் சொன்னால் மகனின் மானம் போகும். சொல்லாவிட்டால் மகளின் வாழ்வு போகும். யதுர்ஷிகா குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு கொட்டிலைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. பார்த்தபடி நின்றாள்.

ஜெயந்தன் தகர மறைப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். எண்ணெய்க் கையோடு, முற்றத்தின் நடுவில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் நின்றான்.

"கார்ட் செருகினது நான்," என்றான்.

"ஏன் தம்பி?"

தாச்சியில் கடைசிப் பணியாரம் கருகியது. ஒருவரும் எடுக்கவில்லை.

"பயம்."

"யாருக்கு?"

"ஆக்களுக்கு. எல்லா ஆக்களுக்கும்."

"எனக்குமா?"

"ஓம்."

ஆண்டியப்பன் சிரிக்கவில்லை. அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நெசமாவும் இருக்கலாம். ஊர் சொன்னதை மறைக்க நீங்க இப்படிச் சொல்றதாவும் இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? ஏறுங்க. ஒரு வீட்டுக்குப் போவோம். அங்க வச்சுத் தெரிஞ்சுக்குவோம்."

மாப்பிள்ளையின் தகப்பன் பெண் வீட்டுக்காக வீடேறிச் சொல்லப் போகிற வழக்கம் இல்லையே என்று நேசமலர் பதறினாள். "இங்க வழக்கப்படி நடந்தது எதும்மா?" என்று கேட்டுக்கொண்டே அவர் மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

குகதாசன் வீட்டுப் படலையில் அந்தக் கார்ட் இன்னும் கிடந்தது. காற்றில் ஒரு மூலை மடங்கிப் போயிருந்தது. ஒருவரும் எடுக்கக்கூட இல்லை. ஆண்டியப்பன் அதைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். கூப்பிட வேண்டியது நீதான் என்கிற நிற்பு அது. ஜெயந்தன் கூப்பிடாமலே படலையைத் தள்ளினான். நாய் பாய்ந்து குரைத்தது. அந்தச் சத்தத்துக்குக் குகதாசன் விறாந்தையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அட, ஜெயந்தனோ. வா, வா." பின்னால் வந்தவரைக் கண்டதும் அந்த 'வா' கொஞ்சம் தேய்ந்தது. "நீரும் வந்திருக்கிறீரோ. சரி."

குகதாசன் ஒரு பிளாஸ்ரிக் கதிரையை இழுத்து ஜெயந்தனுக்கு முன்னால் போட்டார். சுவரோடு இன்னும் கதிரைகள் அடுக்கிக் கிடந்தன. அவற்றின் பக்கம் அவர் கை போகவில்லை. ஆண்டியப்பன் விறாந்தைப் படிக்குக் கீழே, வெயிலுக்குள், செருப்பைக் கழற்றியபடி நின்றார். கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டுவதா என்று அவருக்கும் தெரியவில்லை.

குகதாசன் தன் கதிரையில் இருந்துகொண்டு நெல் வெட்டைப் பற்றி, ஈரநெல்லைப் பற்றி, குளத்தில் இறங்கிப்போன தண்ணீரைப் பற்றிச் சொன்னார். கடைசியில் தொண்டையைச் செருமினார். கார்ட்டைக் கண்டோம், படலையில் செருகிக் கிடந்தது, வரவேண்டாம் என்பதை நீங்கள் மரியாதையாகச் சொல்லுகிறீர்கள் என்றுதான் நினைத்தோம் என்றார். குசினி வாசலில் நின்ற அவருடைய மனைவி சுதாஜினி சீலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"உண்மையைச் சொல்லுங்கோவன்," என்றாள் புருசனிடம். "கார்ட் அப்பிடிக் கிடந்தது எங்களுக்கு நல்ல சாட்டாப் போச்சு."

குகதாசனின் முகம் கறுத்தது. ஜெயந்தனுக்கு அப்போதுதான் விளங்கியது. இவ்வளவு நாளும் அவன் தன் பயத்தைத் தனக்கு மட்டும் சொந்தமான நோய் என்று நினைத்திருந்தான். அதைப் படலையில் கொண்டுவந்து செருகியதும், ஊர் தன் அழுக்கை அதற்குப் பின்னால் பதுக்கிக்கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமலே கைகோத்துக்கொண்டன. நடுவில் தங்கச்சி. வெயிலுக்குள் வெறுங்காலோடு ஒரு மனிதர். அவனுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது. அதற்குப் பின்னால் கோபமும் வந்தது.

அவன் படியிறங்கினான். ஆண்டியப்பனின் கையைப் பிடித்து மேலே கொண்டுவந்து, தனக்குப் போட்ட கதிரையை அவருக்கு முன்னால் வைத்தான்.

"மாமா, நீங்கள் இருங்கோ."

அந்த 'மாமா'வை அவன் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. பிறகு குகதாசனைப் பார்த்து நின்றான். கைகளை மறைக்க இடம் தேடாமல் அப்படியே தொங்க விட்டான்.

"குகதாசண்ணை, வாற புதன்கிழமை தங்கச்சிக்குக் கலியாணம். வீட்டோட வந்து நிண்டு நடத்தித் தரவேணும்."

"பாப்பம்," என்றார் குகதாசன் நிலத்தைப் பார்த்து.

அந்த ஊரில் 'பாப்பம்' என்றால் என்னவென்று ஊருக்கே தெரியும்.

"பாப்பம் வேண்டாம் அண்ணை. வாறதெண்டா வாறன் எண்டு சொல்லுங்கோ. வரமாட்டியள் எண்டா, ஏன் எண்டதை மாமாவின்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. நான் முகத்துக்கு முகம் நிக்கப் பயந்துதான் கார்ட்டைச் செருகிப்போட்டு ஓடினனான். நீங்களும் அதைச் செய்யாதேங்கோ."

குகதாசன் தலை நிமிரவே இல்லை. ஆண்டியப்பன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், கோபமில்லாமல், கிடைக்கப்போவது என்னவென்று முன்பே தெரிந்த ஆளைப்போல. கடைசியில் குகதாசன் எழுந்தார். சுவரடியிலிருந்து இன்னொரு கதிரையைப் பிரித்தெடுத்து ஜெயந்தனுக்குப் போட்டார். வாறன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சுதாஜினிதான் கேட்டாள். "அரியதரப் பலகாரத்துக்கு மா குழைச்சாச்சோ?"

"இல்லையக்கா."

"நாளைக்கு விடிய நான் வாறன். அந்தச் சாரங்காவை விட்டா பாகைக் கல்லாக்கிப் போடுவாள்." அதைச் சொல்லும்போது அவள் புருசனைப் பார்க்கவில்லை. ஆண்டியப்பனைப் பார்த்து, "ஐயா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம், இருங்கோ," என்றாள்.

குடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்கள். படலையைத் தாண்டியதும் ஜெயந்தன் வாய்க்கால் கரையில் குந்தியிருந்து, குடித்த தேத்தண்ணி முழுவதையும் ஓங்காளித்துச் சத்தி எடுத்தான். ஆண்டியப்பன் கையில் தண்ணீர் அள்ளிவந்து அவன் பிடரியில் தடவினார். பக்கத்தில் குந்தினார்.

"பயம் நெசந்தான்," என்றார். குரலில் முதல் தடவையாக ஓர் இளக்கம் இருந்தது. "இன்னைக்கு இது போதும்னா, போதும் தம்பி. நான் வீட்டுல போய் சொல்லிக்கிறேன். கலியாணம் நிக்காது."

ஜெயந்தன் வாயைத் துடைத்தான். போதும் என்று தலையாட்ட அவனுக்கு எவ்வளவோ ஆசை. கொட்டிலுக்குள் போய்த் தகரத்தை இழுத்துச் சாத்தினால், இதை வைத்தே நல்ல கவிதையொன்று வரும். அவன் எழும்பி, அடுத்த வீட்டை நோக்கி நடந்தான். ஆண்டியப்பன் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

மதகடியார் வீட்டுப் படலையிலும் அவன் செருகிய கார்ட் அப்படியே இருந்தது. அதை உருவிக் கையில் எடுத்தான். வசனம் மறுபடியும் முழுக்க மறந்து போயிருந்தது. நான் கூப்பிடட்டுமா என்று ஆண்டியப்பன் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தான்.

"வீட்டில ஆரும் நிக்கிறியளோ?"

குரல் உடைந்து பாதியில் காற்றோடு போனது. உள்ளே யாரோ இருமினார்கள். கதவு திறக்கவில்லை.

ஜெயந்தன் இன்னொரு தரம் கூப்பிட்டான்.